எண்ணெய் போவதும் தண்ணீர் போகும் வழியில்தான்: கதிராமங்கலமும் எண்ணூரும் நமக்குச் சொல்வது

விவசாயிகளே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எண்ணெய்க் கிணறு கிடையாது. அதனால் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது, கடலில் எண்ணெய் கொட்டியது என்று செய்தி வந்தால், 'அது டெல்டாக்காரர் பாடு, மீனவர் பாடு' என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அப்படிக் கடந்து போக முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. இன்னொன்று நம் கிணற்று மேட்டிலேயே இருக்கிறது.

முதலில் பக்கத்து மாவட்டம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்த செய்தி 2025 ஆகஸ்டில் வெளியே வந்தது. விவசாயிகளும் மீனவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாக அப்போதைய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். அதோடு பேச்சு அடங்கியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2020 பிப்ரவரியில் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களும் அதில் சேர்க்கப்பட்டன. ராமநாதபுரமோ நம் விருதுநகர் மாவட்டமோ அந்தப் பட்டியலில் இல்லை. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆய்வுக் கிணறு தோண்டுவதற்கு முன்பு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் அதில் நீங்கிவிட்டது. ஆகவே 'நம்மைக் கேட்காமலா தோண்டிவிடுவார்கள்' என்று சும்மா இருக்க முடியாது.

நம் டிராக்டரும் டீசலில்தான் ஓடுகிறது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்நாட்டில் எடுக்கப் பார்ப்பது ஏன் என்பது புரிகிறது. எண்ணெயே வேண்டாம் என்று இங்கே சொல்ல வரவில்லை. கசிந்தால் யார் வயல் கெடும், அதை யார் சரிசெய்வார், அதற்குள் நாம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

கசிவு எங்கே தொடங்குகிறது

பூமிக்கடியிலிருந்து வரும்போது கச்சா எண்ணெய் தனியாக வருவதில்லை. எரிவாயுவும் உப்புத் தண்ணீரும் கலந்துதான் வரும். பல கிணறுகளிலிருந்து வரும் இந்தக் கலவையைக் குழாய் வழியாக ஒரு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கே எண்ணெய், வாயு, தண்ணீர் என்று பிரிக்கிறார்கள். கிணறு வயதாக ஆக, அதில் வரும் உப்புத் தண்ணீரின் பங்கு கூடிக்கொண்டே போகும். அந்த உப்பு, இரும்புக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். ஈரமான வயல் மண் வெளியிலிருந்து அரிக்கும். அதனால் பழைய குழாயில் கசிவு வருவது எதிர்பாராத விபத்து அல்ல. நாள் கடத்திய பராமரிப்பின் விளைவு அது.

தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் நடந்ததும் இதுவே. 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி.யின் குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பார்க்கும் வரை யாரும் எதையும் அள்ளக் கூடாது என்று ஊர் மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது அங்கே தீப்பிடித்தது, போலீஸ் தடியடி நடந்தது, பேராசிரியர் த.செயராமன் உட்படப் பத்துப் பேர் கைதானார்கள். குழாய் அரித்துப் போயிருந்ததுதான் காரணம் என்று பிறகு நிறுவனமே சொன்னது.

அந்த ஊர்க்காரர்கள் ஆட்சியரைக் கூப்பிட்டது வீம்புக்காக அல்ல. அள்ளி எடுத்து, மண் போட்டு மூடிவிட்டால் நாளைக்கு 'எவ்வளவு எண்ணெய் கொட்டியது, எத்தனை சென்ட் கெட்டது' என்று சொல்ல ஆதாரம் இருக்காது. இந்தப் பாடத்தை மனதில் வையுங்கள். கீழே மறுபடியும் வருவோம்.

மண்ணுக்கு என்ன ஆகிறது

எண்ணெய் பட்ட மண்ணில் நான்கு கெடுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

முதலாவது, மண் துகள்களைச் சுற்றி எண்ணெய் படலம் போர்த்திக்கொள்ளும். தண்ணீர் பாய்ச்சினாலும் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். மேலே ஈரம், கீழே வறட்சி. இரண்டாவது, மண்ணின் காற்றுத் துளைகள் அடைபட்டு வேர் மூச்சுவிட முடியாமல் போகும். விதை முளைக்காது, முளைத்தாலும் நிற்காது.

மூன்றாவது கெடுதல் பலருக்குத் தெரியாது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்று சிதைக்கும் வல்லமை உள்ளவை. ஆனால் அந்த வேலைக்கு அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். பச்சை வைக்கோலை மடக்கி உழுத உடனே நட்டால் பயிர் மஞ்சளாகிறதே, அதே கதைதான். மண்ணில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிரே எடுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. நான்காவது, எண்ணெயோடு வந்த உப்புத் தண்ணீர். எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. எண்ணெயை அள்ளிய பிறகும் உப்பு தங்கி நிலத்தைக் களராக்கும்.

இவை தவிர, கச்சா எண்ணெயில் பென்சீன் போன்ற நச்சுகள் உண்டு. புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் தண்ணீரில் ஓரளவு கரையும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது தவறு.

வெள்ளம் வந்தால் எண்ணெயும் பயணப்படும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கியபோது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறியது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவி, வீடு, படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. தங்கள் குழாயில் கசிவு இல்லை என்று சி.பி.சி.எல். நிறுவனம் சொன்னது. அந்த வளாகத்திலிருந்து மழைநீரோடு வெளியேறிய எண்ணெய்தான் காரணம் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அரசு அறிவித்த நிவாரணம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். உடனடி உதவி என்ற வகையில் அது தேவையானதுதான். ஆனால் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் அடுப்பு எரிய உதவும். கெட்டுப்போன தொழிலுக்கு அது ஈடாகாது.

அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினம் பட்டினம்சேரிக் கடற்கரையில் சி.பி.சி.எல். குழாய் உடைந்து கடலில் எண்ணெய் கலந்தது. அடைத்தால் போதாது, குழாயையே அகற்று என்று மீனவர்கள் போராடினார்கள். 2020 மே 27 அன்று அசாம் மாநிலம் பாக்ஜானில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு கட்டுப்பாட்டை மீறிப் பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். நவம்பரில்தான் தீ அடங்கியது. பக்கத்தில் இருந்த வீடுகள், வயல்கள், மகுரி மோட்டாபுங் ஏரி எல்லாம் அடிபட்டன.

இந்த எல்லாச் செய்திகளிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எண்ணெய் கொட்டிய இடத்தில் நிற்கவில்லை. வாய்க்கால், ஆறு, ஏரி, கடல் என்று தண்ணீர் போன வழியெல்லாம் போனது. நம் ஊர்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். மேற்கே மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாயில் நிற்கிறது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். கண்மாய் நிறைந்தால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று. சங்கிலி போல் கோத்த இந்த அமைப்புதான் நம் பலம். எண்ணெய் விஷயத்தில் அதுவே பலவீனமும் ஆகும். மேல் கண்மாயில் சேர்ந்தது கீழ்க் கண்மாய்க்கு வராமல் இருக்காது.

டேங்கர் லாரி கவிழ்ந்தால் என்ன செய்வது

நமக்கு எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை நம் வயல், தோப்பு ஓரமாகத்தான் போகிறது. அதில் டேங்கர் லாரி கவிழ்ந்து பெட்ரோலோ டீசலோ வயலில் இறங்கினாலும், நாளை ஏதாவது குழாய் கசிந்தாலும், செய்ய வேண்டியது ஒன்றுதான்.

1. முதலில் உயிர். எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவி தீப்பிடிக்கும். பீடி, தீப்பெட்டி கூடாது. பக்கத்தில் மோட்டார் சுவிட்சைப் போடவோ, டிராக்டரை ஸ்டார்ட் செய்யவோ வேண்டாம். பிள்ளைகளையும் மாடுகளையும் காற்று வரும் திசைப் பக்கமாக அப்புறப்படுத்துங்கள். எண்ணெய் பிடிக்கக் குடத்தோடு யாரும் போகக் கூடாது. தீயணைப்புக்கு 101, ஆட்சியர் அலுவலகப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

2. மடையை அடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளிவிடலாம் என்று தோன்றும். அதுதான் பெரிய தவறு. ஒரு குண்டில் நிற்கும் எண்ணெய் அதனால் பத்துக் குண்டுக்கும் பரவும். ஆபத்து இல்லாத தூரத்தில் நின்று வரப்பை உயர்த்தி, வாய்க்காலை மண் போட்டு மறியுங்கள்.

3. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் முழுவதும் மறிக்க முடியாது. அப்போது மண் அணைக்குள் ஒரு பிவிசி குழாயைச் சாய்வாக வையுங்கள். எண்ணெய் இருக்கும் பக்கத்து வாய் தண்ணீருக்கு அடியிலும், மறுபக்க வாய் சற்று மேலேயும் இருக்கட்டும். எண்ணெய் மிதக்கும், அடித் தண்ணீர் மட்டும் வெளியேறும். டீசலுக்கும் கச்சா எண்ணெய்க்கும் இது உதவும். பெட்ரோல் என்றால் கிட்டேயே போகாதீர்கள். தீயணைப்பு வீரர்களிடம் விட்டுவிடுங்கள்.

4. உலர்ந்த வைக்கோலும் தென்னை நார்க்கழிவும் எண்ணெயை நன்றாக உறிஞ்சும். நம் பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எண்ணெய் உறிஞ்சிய நார்க்கழிவை உரக்குழியில் போடவோ எரிக்கவோ கூடாது. அது ஆபத்தான கழிவு. அப்புறப்படுத்துவது எண்ணெய்க்கு உரியவர் பொறுப்பு.

5. எண்ணெய் பட்ட புல்லையும் தட்டையையும் மாட்டுக்குப் போடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பெயர் நம் மாட்டுப் பாலில் நிற்கிறது. சந்தேகமான கிணற்றில் மோட்டார் போடாதீர்கள். இழுக்க இழுக்க எண்ணெய் கிணற்றை நோக்கித்தான் வரும்.

அள்ளுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

கதிராமங்கலத்தில் சொன்ன பாடம் இதுதான். ஆபத்து அடங்கியதும், இயந்திரம் வந்து மண்ணை அள்ளுவதற்கு முன்பு, தேதியும் இடமும் பதிவாகும்படி செல்போனில் படமும் வீடியோவும் எடுங்கள். சர்வே எண், எத்தனை சென்ட், என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்று எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் வேளாண் உதவி அலுவலரையும் நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் முன்னிலையில் மண், தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும் என்று ஆட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நீங்களும் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கண்ணாடிப் பாட்டில். எண்ணெய் படாத பக்கத்து வயல் மண்ணும் ஒரு பாட்டில் எடுங்கள். ஒப்பிட்டுக் காட்ட அதுதான் சாட்சி. வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துதான் தெரியும், எண்ணெய் தெரியாது. 'மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்' சோதனை என்று கேளுங்கள். கூடவே உப்பின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் நாளே ஒரு தொகையைக் கொடுத்து 'முழுத் தீர்வு' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஒரு போகம் போனதா, மூன்று போகம் போனதா என்று அன்றைக்குத் தெரியாது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆபத்தான பொருளால் நடந்த விபத்துக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே ஆட்சியரிடம் நிவாரணம் கேட்க 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வழி செய்கிறது. அதற்கும் ஐந்து ஆண்டுகள்தான்.

குழாய் நோட்டீஸ் வந்தால்

எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை வாங்குவதில்லை. பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல. இதற்குக் கிடைப்பது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், வேலையின்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடும். ஆட்சேபம் தெரிவிக்க அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாள் மட்டுமே. அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் உரிமை போய்விடும்.

கெட்ட மண்ணை மீட்க முடியுமா

முடியும், பொறுமை வேண்டும். அதிகம் ஊறிய மேல் மண்ணை உரியவர்கள் அள்ளிக் கொண்டுபோக வேண்டும். மேலே நல்ல மண்ணைக் கொட்டி மூடுவது தீர்வல்ல. காற்றுப் படாத ஆழத்தில் எண்ணெய் சீக்கிரம் சிதையாது. லேசாகப் பட்ட மண்ணை அடிக்கடி உழுது காற்றாட விட்டு, தொழு உரமும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்து, தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் காத்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். இதற்கென்றே டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' என்ற நுண்ணுயிர்க் கலவை நாட்டில் பல கசிவு இடங்களில் பயன்பட்டிருக்கிறது. உப்பு ஏறியிருந்தால் சோதனையைப் பார்த்து ஜிப்சம், நல்ல தண்ணீர், வடிகால். சோதனையில் சுத்தம் என்று வரும் வரை உணவுப் பயிரும் தீவனப் பயிரும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலும் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேளுங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551.

கடைசியாக, நம் கிணற்று மேடு

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஆயில் மாற்றிய பிறகு டிராக்டரின் பழைய ஆயிலை எங்கே ஊற்றுகிறோம்? வரப்பு ஓரத்தில், ஓடையில், வேலிக் காலில். ஒரு லிட்டர் கழிவு ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. ஓடிய ஆயிலில் இன்ஜின் தேய்மானத்தின் உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கும்.

செலவில்லாத சில பழக்கங்கள் போதும். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குப் போகும்படி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சட்டப்படி அது ஆபத்தான கழிவு, அதைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. ஆயில் இன்ஜின் அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். டீசல் கேனைக் கிணற்று வாயிலிருந்து தள்ளி, சிமென்ட் மேடையில் சுற்றுக்கட்டு கட்டி வையுங்கள். டிராக்டரைக் கண்மாய்க்குள் இறக்கிக் கழுவாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பு, வரத்துக் கால்வாய் ஓரத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்களின் கழிவு எங்கே போகிறது என்று கிராம சபையில் கேளுங்கள்.

கம்பெனி எண்ணெயானாலும் நம் கேன் எண்ணெயானாலும் தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது. நாளை ஒரு குழாய் நம் நிலத்துக்கு வந்து, 'கசிந்தால் யார் பொறுப்பு' என்று நாம் எழுந்து கேட்கும்போது, நம் ஓடை சுத்தமாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு எடை இருக்கும். இந்த வாரமே உங்கள் கிணற்று மேட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.